தின்னாமல் விட்ட கறி

பங்குனி பிறந்தால் எங்கள் கீழப்பொட்டலில் கறி சுடுவார்கள். கண்மாய் வெடித்துக் கிடந்த வருசமும் சுட்டார்கள், கடலையில் பூச்சி விழுந்து ஊரே நகைக்கடனுக்கு வரிசையில் நின்ற வருசமும் சுட்டார்கள். ஊருக்கு மேற்கே மேட்டில் இருக்கிற பொட்டல்சாமிக்கு உருவம் கிடையாது, கூரை கிடையாது, உண்டியல்கூடக் கிடையாது, ஆனால் பசி மட்டும் தலைக்கட்டுக்கு ஒரு கிடா என்று எந்தக் காலத்திலோ எவனோ சொல்லிவைத்துவிட்டுச் செத்துப்போனான். அவன் காலத்தில் ஊரில் இருந்தது பன்னிரண்டு தலைக்கட்டு, அதாவது பன்னிரண்டு குடும்பம். குடும்பத்துக்கு இருபது ஆம்பளை இருந்தார்கள். இப்போது பங்கு பிரிந்து பங்கு பிரிந்து நாற்பத்திரண்டு தலைக்கட்டாகிவிட்டது, ஆம்பளைகளில் பாதிப் பேர் திருப்பூரிலும் கேரளத்து பேக்கரிகளிலும் கிடக்கிறார்கள், மிச்சம் இருக்கிற எண்பது வாய்க்கு நாற்பத்திரண்டு கிடா. ஒரு கிடாவுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

கிடாவைத் தோலோடு வாட்டி, கம்பியில் குத்தி, கருவேலங்கட்டைத் தணலில் உப்பைத் தவிர வேறு எதுவும் போடாமல் சுட வேண்டும். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் தனியாக ஒரு அடுப்புக்குழி. ஆம்பளைகள் மட்டும்தான் போகலாம், ஆம்பளைகள் மட்டும்தான் தின்னலாம், மேட்டைச் சுற்றி வெள்ளை அடித்து நட்டிருக்கிற எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு கறிகூட வரக் கூடாது, மிஞ்சியதை எல்லாம் பொழுது சாய்வதற்குள் ஒரே குழியில் போட்டு மூடிவிட வேண்டும். குழி மூடும் வரை கையில் காப்புக் கட்டிய எந்த ஆம்பளையும் எந்தப் பெண்ணையும் தொடக் கூடாது, பெற்ற மகளாக இருந்தாலும் தொடக் கூடாது. இத்தனை விதியையும் யோசித்தவனுக்குக் கிடாவை வருசம் முழுக்க வளர்ப்பது யார் என்று யோசிக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

நாங்கள்தான் வளர்த்தோம். குட்டியாக வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் கட்டிவிட்டு ஆம்பளைகள் போய்விடுவார்கள். அகத்தி ஒடிப்பது, கருவேலங்காய் பொறுக்குவது, கழுநீர் ஊற்றுவது, மழையில் நனையாமல் அடுப்படியில் இழுத்துக் கட்டுவது எல்லாம் நாங்கள். நான் இந்த ஊர் அங்கன்வாடி டீச்சர், பெயர் தனக்கொடி. மாதா மாதம் பிள்ளைகளை எடை போடுகிறேன், நர்ஸம்மா வந்து பெண்களுக்கு ரத்தம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏழு, எட்டு, ஏழரை என்றுதான் எழுதியிருக்கிறேன். பத்தை எழுதிய நாள் எனக்கு ஞாபகம் இல்லை. "ஈரல் சாப்பிடுங்கம்மா, சுவரொட்டி சாப்பிடுங்க" என்று நர்ஸம்மா சொல்லுவாள், சொல்லிவிட்டு இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். நாற்பத்திரண்டு ஈரலும் சுவரொட்டி என்கிற நாற்பத்திரண்டு மண்ணீரலும் மேற்கே மண்ணுக்குள் போவதைத் தெரிந்துகொண்டே நான் அந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கிடாவைக் குறைக்கலாமே என்று கேட்காமல் இல்லை. கேட்டால், கிடா கொடுக்காத வீடு தலைக்கட்டில் சேராது, சேராத வீட்டுக்குக் கண்மாய் மீனில் பங்கில்லை, கூட்டத்தில் பேச்சில்லை, அந்த வீட்டு இழவுக்கு ஆள் வராது. அதனால் கம்மலை வைத்தாவது கிடா வாங்கினார்கள், வாங்கின கிடாவில் இரண்டு துண்டு கடித்துவிட்டு மற்றதைப் புதைத்தார்கள்.

இப்படி இருந்தபோதுதான் ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை புதைத்த கிடாக்கள் திங்கள்கிழமை காலையில் திரும்பி வந்தன.

குழி உள்ளிருந்து தள்ளித் திறந்திருந்தது. மண் தட்டிக்கொண்டு, தோலில் வாட்டின கருக்கோடு, நாற்பத்திரண்டும் வரிசையாக மேட்டிலிருந்து இறங்கி அதது தன் தன் வீட்டுக்கு வந்து நின்றது. கொம்பு இல்லை, குளம்பு இல்லை. அவற்றை வாட்டும்போதே கழற்றி எறிந்துவிடுவார்கள், குழிக்குள் போவதில்லை. குளம்பில்லாத காலோடு வந்ததால் வருகிற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. என் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் வாசல் தெளிக்க வாளியோடு வந்தவள், தன் செவலைக்கிடா மூன்று காலில் நிற்பதைப் பார்த்தாள். பார்த்தவள் அலறவெல்லாம் இல்லை. நான்கு வருசமாகப் பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளைக்குப் பதிலாக வளர்த்த குட்டி அது.

"வந்துட்டியாடா?" என்று கழுத்தைத் தடவினாள். "எங்கடா ஒன் பின்னங்காலு?"

அவள் புருசன் காசிமாயன் கட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தான். "அது நானும் மச்சானும் தின்னதுடி. ஈரலும் இருக்காது பாரு, அத மொக்கச்சாமியண்ணே கேட்டு வாங்கிக்கிட்டாரு."

அவன் சொன்னது சரியாக இருந்தது. ஊர் முழுக்கச் சரியாக இருந்தது. தின்றது போயிருந்தது, தின்னாதது வந்திருந்தது. நெஞ்செலும்பு தின்ற வீட்டுக் கிடாவுக்கு நெஞ்செலும்பு இல்லை, தலைக்கறி தின்ற வீட்டுக் கிடா தலையில்லாமல் வந்து கதவில் முட்டிக்கொண்டு நின்றது.

ஒரு வாரத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. மாட்டு டாக்டர் பைக்கில் வந்து இறங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரல் இல்லாத ஆட்டுக்குப் பூச்சி மருந்து தேவைப்படாது, இருந்தாலும் வந்ததற்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று கொடுத்துவிட்டுப் போனார். வியாபாரி வந்து எடை கம்மி என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். அங்கன்வாடியில் ஆட்டுக்கு எத்தனை கால் என்று கேட்டால் ஒரு பிள்ளை நாலு என்றது, ஒரு பிள்ளை மூணு என்றது, வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து ரெண்டு என்றது இன்னொன்று, நான் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். விலா திறந்திருந்த கிடாக்களைக் காக்கை கொத்தியதால் பெண்கள் பழைய சேலையைக் கிழித்து உறை தைத்துப் போட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கிடாவைத்தான் முதலில் பார்த்தார்கள். கிடா எவ்வளவு முழுசாக இருக்கிறதோ அவ்வளவு வசதியான வீடு, தின்னாமலே மிச்சம் வைக்கிற வீடு என்று அர்த்தம். முழுக்கிடா வீட்டுப் பெண் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

சாமி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டதோ என்று முதலில் எல்லோரும் பயந்தார்கள். பூசாரி பரமன் மூன்று நாள் விரதம் இருந்துவிட்டு, இல்லை, சாமி மனம் குளிர்ந்து திருப்பிக் கொடுத்திருக்கிறது என்றார். அவருக்குப் பசி தாங்காமல் போயிருக்கும். ஊர் முதன்மைக்காரர் மொக்கச்சாமி அவர் சொன்னதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். மொக்கச்சாமி தன் வீட்டுக் கல்யாணத்துக்கே மைக் வைத்து வரவேற்றவர், வாயைத் திறந்தால் கூட்டம் கலையும் வரை மூட மாட்டார்.

"ஏப்பா, கிடா இன்னைக்கி என்ன வெல விக்கிது?" என்று ஆலமரத்தடியில் ஆரம்பித்தார். "வந்ததயே மறுபடி நேந்துட்டா சாமிக்கும் கொற இல்ல, நமக்கும் செலவில்ல. தின்னாத்தான குறையுது? ஆளுக்கு ரெண்டு வாயி தின்னுட்டுப் புதைங்க, அது பாட்டுக்கு அடுத்த வருசமும் வரும். காலத் தொடாதீங்க, நடந்து வரணும்ல?"

கூட்டம் கை தட்டியது. இத்தனை வருசம் கறியை வீணாக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரே நாளில் சிக்கனக்காரர்கள் ஆனார்கள். மறு பங்குனிக்குப் புதுக்கிடா ஒன்றுகூட வாங்கவில்லை. ஒரு காது, இரண்டு விலா, ஒரு துண்டு தோல் என்று கணக்காகக் கிள்ளித் தின்றார்கள், மற்றதைப் பத்திரமாகப் புதைத்தார்கள், திங்கள்கிழமை காலையில் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் பிடித்த பணத்தில் ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டினார்கள், அதில் மொக்கச்சாமி பெயர் பெரிதாகவும் சாமி பெயர் சின்னதாகவும் இருந்தது. ஏழூரிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிக்கனம் அவர்களுக்கு. தழை ஒடிக்கிற கை எங்களுடையது. முன்பாவது பங்குனியோடு ஒரு கிடா முடியும், குட்டி வருகிற வரை இரண்டு மாதம் கை ஓயும். இப்போது முடிவே இல்லை. நாக்கைத் தின்றுவிட்ட கிடாவுக்கு வாயைத் திறந்து ஊட்ட வேண்டும். தலையில்லாத கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டே திரிய வேண்டும். குடல் இல்லாத கிடா தின்கிற தழை விலா வழியாகக் கீழே கொட்டும், அதுவோ பசி அடங்காமல் மறுபடியும் கத்தும், கொட்டியதையே பொறுக்கித் தின்னும், மறுபடியும் கொட்டும். ஒரு நாளில் எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எரித்துப் பார்த்தாள் ஒருத்தி, அந்தக் கிடா கரிந்தபடியே திரும்பி வந்து மறுநாளிலிருந்து நிழலில்கூட நிற்க முடியாமல் நடுங்கியது. நேர்ந்துவிட்டதை வீட்டில் வெட்டித் தின்னக் கூடாது என்று விதி. செத்தவற்றைச் சாக விடாமல் வைத்து வளர்த்த ஊர் எங்கள் ஊர்தான்.

வெள்ளத்தாயின் செவலை முதல் வருசம் ஒரு காலும் ஈரலும் போய், இரண்டாம் வருசம் குடலும் இடது விலாவும் போய் வந்தது. மூன்றாம் வருசம் ஒரு பெரிய அதிகாரி சிறப்பு விருந்தாளியாக வந்தார். உணவு வீணாகாத ஊர் என்று எங்களுக்குச் சான்றிதழ் கொடுக்க வந்தவர், தொடைக்கறி இல்லையா என்று கேட்டாராம். ஊர் மானம் போகக் கூடாதே என்று, ஏற்கனவே நொண்டிதானே அது என்று, செவலையின் மிச்சப் பின்னங்காலை எடுத்து அவர் இலையில் வைத்தார்கள். அவர் அதிலும் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

அந்தத் திங்கள்கிழமை செவலை நடந்து வரவில்லை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, இடுப்பில் தொங்குகிற பாதித் தொடையை இழுத்துக்கொண்டு, மத்தியானம் ஆனது அது வீடு வந்து சேர. வெள்ளத்தாய் வளைவுக்கு வெளியே வரை ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு அது ஒரு நாளும் கத்தாமல் இருக்கவில்லை. அகத்தி கொடுத்தாலும் கத்தும், மடியில் போட்டுக்கொண்டாலும் கத்தும், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கத்தும். காசிமாயன் சத்தம் தாங்காமல் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டான்.

மாசிக் கூட்டத்தில் வெள்ளத்தாய் ஆலமரத்தடிக்கு வந்து நின்றாள். பெண்கள் வருகிற கூட்டம் இல்லை அது.

"அண்ணே, என் செவலய மட்டுமாச்சும் இந்த வருசம் முழுசாத் தின்னு முடிச்சிருங்க. ஒரு துண்டு மண்ணுக்குள்ள போட வேணாம். ஒங்க கால்ல வேணாலும் விழுறேன்."

மொக்கச்சாமி சிரித்தார். "என்னத்தா பேசுற? இருக்குறத எல்லாம் தின்னு தீத்துட்டா அடுத்த வருசத்துக்கு? வீணடிக்கவா சொல்ற?"

"தின்னா வீணாண்ணே?"

"பின்ன? ஊரு சிக்கனமா இருக்குன்னு அதிகாரி பட்டயம் குடுத்துட்டுப் போயிருக்காரு. ஒனக்கு ஒரு ஆட்ட வளக்க வலிக்கிது."

"எனக்கு வலிக்கலண்ணே. அதுக்கு வலிக்கிது."

"வீட்டுக்குப் போடி, மானத்த வாங்காத" என்று காசிமாயன் எழுந்து வந்தான். அவள் போனாள். அவர்கள் அடுத்த விசயத்துக்குப் போனார்கள், வளைவுக்கு எந்தக் கலர் பெயின்ட் அடிப்பது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள்.

மறுநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நான் சொன்னேன். "அவங்க திங்க மாட்டாங்க, வெள்ளத்தாயி. நாமதான் திங்கணும்."

"கல்லத் தாண்டியா?"

"தாண்டித்தான்."

குடம் நிறைந்து வழிந்தது. கல்லைத் தாண்டுவது பற்றி அவள் யோசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "வளத்த வாய்க்கு எப்படி டீச்சரு எறங்கும்?" என்றாள். "குட்டியா இருக்கயில என் தட்டுலதான சோறு தின்னுச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. தின்றுவிட்டுப் போனவனுக்கு ஒன்றும் இல்லை, புதைத்துவிட்டுப் போனவனுக்கு ஒன்றும் இல்லை, வளர்த்தவள்தான் அதையும் செய்ய வேண்டியிருக்கிறது.

பங்குனி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆம்பளைகள் காப்புக் கட்டினார்கள், மேளம் அடித்துக் கிடாக்களை ஓட்டிக்கொண்டு போனார்கள், நடக்க முடியாதவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், செவலையும் அதில் போனது. புகை எழும்பியது. கறி சுடுகிற வாசம் ஊருக்குள் இறங்கிய நேரத்தில் நாங்கள் கிளம்பினோம். நாற்பத்திரண்டு வீட்டுப் பெண்களும், கட்டிக்கொடுத்த ஊர்களிலிருந்து வந்த மகள்களும், பிள்ளைகளும், மாசமாக இருந்த சுருளியம்மாவும், செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பங்களும், எல்லாமாக இருநூறு பேருக்கு மேல் இருப்போம். சூளைக்காரர்களை நான்தான் கூப்பிட்டேன். அவர்கள் பிள்ளைகளையும் நான் எடை போடுகிறேன்.

எல்லைக்கல் அருகில் ஒரு நொடி எல்லோருக்கும் கால் நின்றது. முதலில் வெள்ளத்தாய் தாண்டினாள். வானம் இடிந்து விழவில்லை, ஒரு காற்றுகூட அடிக்கவில்லை. பிறகு நாங்கள் எல்லோரும் தாண்டினோம்.

"சாமிக் குத்தம்! சாமிக் குத்தம்!" என்று பரமன் பூசாரி கத்தினார். மொக்கச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "புடிங்கடா, வெளிய தள்ளுங்கடா" என்று ஓடி வந்தார். ஓடி வந்தவர் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டார். எண்பது பேரும் அப்படியே நின்றார்கள். கையில் காப்பு இருந்தது, குழி இன்னும் மூடவில்லை, பெண்ணைத் தொடக் கூடாது. அவர்கள் வைத்த விதி. நாங்கள் அவர்களுக்கு நடுவில் புகுந்து நடந்தோம், எங்கள் மேல் பட்டுவிடாமல் இருக்க அவர்கள்தான் விலகி விலகி ஒதுங்கினார்கள்.

அவரவர் அடுப்புக்குழியில் அவரவர் உட்கார்ந்தோம். தின்றோம். உப்பு மட்டும் போட்ட கறி. இதற்கு முன் என் வாழ்நாளில் நான் அந்தக் கறியைத் தின்றதில்லை, தணலில் சுட்ட தோல் அத்தனை ருசி என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது. சுருளியம்மாவுக்குச் சுவரொட்டியாகத் தேடித் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் எலும்பை உடைத்து உறிஞ்சினார்கள். சூளைக்காரர்கள் எங்களுக்கு ஊட்டினார்கள், நாங்கள் அவர்களுக்கு ஊட்டினோம். வயிறு நிறைந்த பிறகும் எழுந்து நாலு நடை நடந்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்து தின்றோம். ருசிக்காகத் தின்றது கொஞ்ச நேரம்தான், மற்றதெல்லாம் முடித்துவைப்பதற்காகத் தின்றோம். ஆம்பளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். குழி வாயைத் திறந்துகொண்டு வெறுமனே கிடந்தது.

வெள்ளத்தாய் மட்டும் செவலையின் முன்னால் இலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். மற்றவர்கள் தொட வந்தபோது கையை நீட்டித் தடுத்தாள். பொழுது மேற்கே இறங்க ஆரம்பித்தது. காசிமாயன் எட்ட நின்று, "வேணாம் வெள்ளத்தாயி, ஒன்னால முடியாது" என்றான். முதல் தடவையாக அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டேன்.

அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். தண்ணீர் வாங்கிக் குடித்து விழுங்கினாள். அடுத்த துண்டு. கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முன்னங்கால் இரண்டையும் எடுத்துத் தின்றேன், அதை மட்டும் அனுமதித்தாள். கழுத்து, நெஞ்சு, வலது விலா, அதிகாரி வைத்துவிட்டுப் போன பாதித் தொடை, கன்னம், காது. கடைசியில் நாக்கு. தினமும் அவள் உள்ளங்கையை நக்கிய நாக்கு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "போதும்டா, போயிரு, இனிமே வராத" என்று சொன்னாள், சொல்லிவிட்டுத் தின்றாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அழுகை இல்லை அது, திட்டு. பெயர் சொல்லி ஒவ்வொருத்தனையும் திட்டினாள், எண்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள்.

திங்கள்கிழமை காலை எந்த வாசலிலும் எதுவும் நிற்கவில்லை. அந்த வாரம் நர்ஸம்மா வந்து ரத்தம் பார்த்தாள். அதே ஏழு, அதே எட்டு. ஒரு வேளை தின்றதில் ஏறிவிடாது என்றாள். எனக்கும் தெரியும்.

ஊர் கூடி எங்களுக்குத் தண்டம் போட்டது. கல்லைத் தாண்டின குற்றத்துக்குத் தலைக்கட்டுக்கு ஒரு புதுக்கிடா. குட்டிகளும் வந்து இறங்கின. வெள்ளத்தாய் தன் வீட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காசிமாயன் மடியில் வைத்தாள். "தண்டம் கட்டியாச்சு. வளக்குறது நீங்க" என்றாள். நாற்பத்திரண்டு வீட்டிலும் அப்படியே செய்தோம். திட்டினார்கள், அடிக்கக் கை ஓங்கினார்கள், இரண்டு பேர் அடித்தும்விட்டார்கள். குட்டிகளுக்கு இதெல்லாம் தெரியாது, அவை பசிக்குக் கத்தின. வேறு வழியில்லாமல் அவர்கள் பால்புட்டியை எடுத்தார்கள். புரட்டாசியில் அடைமழை பெய்தபோது மொக்கச்சாமி தன் குட்டியைத் துண்டுக்குள் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன். காசிமாயன் அகத்தி ஒடிக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டு வந்தான். தை மாதத்தில் அவரவர் கிடாவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

பங்குனிக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆலமரத்தடியில் கூட்டம். இந்த முறை நாங்களும் உட்கார்ந்திருந்தோம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மொக்கச்சாமி மைக்கைப் பிடித்தார். காலம் மாறிவிட்டது, சாமிக்கு மனசுதான் முக்கியம், விலைவாசி இருக்கிற இருப்பில் நாற்பத்திரண்டு கிடா எதற்கு, ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு கிடா போதும், ஆணும் பெண்ணும் சமமாக உட்கார்ந்து ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றுவிட்டால் கறியும் வீணாகாது, காசும் மிச்சம் என்று, எல்லாம் தானே கண்டுபிடித்தவர் போல முக்கால் மணி நேரம் பேசினார். கை தட்டினார்கள்.

வெள்ளத்தாய் எழுந்தாள். "சரிண்ணே. ஒரே ஒரு கிடா. யாரு வீட்டுது?"

கை தட்டல் நின்றது. காசிமாயன் முழங்காலுக்கு நடுவில் நின்று அவன் துண்டை மென்றுகொண்டிருந்த கிடாவை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டான். பூசாரி தன் கிடாவுக்கு உடம்பு சுகமில்லை என்றார். பின்வரிசையில் இரண்டு பேர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மெதுவாக நழுவினார்கள். மொக்கச்சாமியின் கிடா அவர் இல்லாத இடத்தில் நிற்காது என்பதால் அதுவும் மேடைக்கு வந்திருந்தது. அவர் அதன் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணே, யாரு வீட்டுது?"

மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை.